டெல்டாவில் குறி பழக எந்தத் துப்பாக்கி?

காகித அட்டையில் குறி பார்த்துச் சுடப் பழகணும், செலவு கைக்கு அடங்கணும், .22 ரைபிள் (0.22 அங்குலத் துளை உள்ளது) ஒன்று வாங்கலாமா? தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்தில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. 2022 ஜூலையில் திருச்சி கே.கே. நகர் ரைபிள் கிளப்பில் 47-வது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் அதில் கலந்துகொண்டார். அதற்குப் பிறகு, இப்படி ஒரு விளையாட்டு இருப்பதையே யோசித்துப் பார்க்காத வீடுகளிலும் பேச்சு கிளம்பிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் யூடியூபில் பார்த்த பெயர்களோடு வருகிறார்கள்: ரூகர் 10/22, மார்லின் 60, சாவேஜ் மார்க் 2. அமெரிக்காவில் அவை கடையில் வாங்கும் மலிவுத் துப்பாக்கிகள். இங்கே தனியாட்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது எண்பதுகளிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. போட்டிகளில் தகுதி பெற்ற வீரர்களுக்குத்தான் விலக்கு. அந்த வீடியோக்களில் பார்த்த விலையையும் மாடலையும் முதலில் மறந்துவிடுவது நல்லது.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் இருப்பவர் முதலில் வாங்க வேண்டியது 0.177 அங்குல அளவுள்ள ஏர் ரைபிள், அதாவது மருந்து இல்லாமல் காற்றின் அழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டைச் சுடும் துப்பாக்கி. .22-ஐக் கிளப்பில், கிளப்பின் துப்பாக்கியில் சுட்டுப் பழக வேண்டும். சொந்தமாக .22 வாங்குவது அதற்கெல்லாம் பிறகு, அதுவும் போட்டிக்குப் போகிறவருக்கு மட்டும். காசுக் கணக்கு ஒரு காரணம்தான். சுட்ட தோட்டா எங்கே போய் நிற்கும், அடுத்த தோட்டா எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். எந்தக் கம்பெனித் துப்பாக்கி என்பது அதற்கு அப்புறம்தான்.

முதலில் .22 எந்த வகைத் தோட்டா என்று பார்த்துவிடலாம். அதை ரிம்ஃபயர் என்பார்கள். .22 லாங் ரைபிள் தோட்டா 1887-ல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. பெரிய தோட்டாக்களில் அடிப்பக்கத்தின் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தனியாக இருக்கும். இதில் தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுத்தி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். செய்வதற்கு எளிது, அதிர்வு மிகக் குறைவு, சத்தமும் குறைவு. உலகம் முழுக்க மலிவாக இருப்பது இதனால்தான். ஒரு முறை சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்ப முடியாது. ஆகவே சுடுகிற ஒவ்வொரு ரவுண்டும் புதிதாக வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். இங்கே செலவு ஏறுகிற இடம் அதுதான்.

சின்னத் தோட்டாதானே என்று நினைத்துவிடக் கூடாது. 2.6 கிராம் ஈயம், வினாடிக்கு சுமார் 330 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. கணக்குப் போட்டால் 140 ஜூலுக்குக் கொஞ்சம் மேல். போட்டியில் பயன்படும் 10 மீட்டர் ஏர் ரைபிளின் ஈயக் குண்டு, அதாவது பெல்லட், அரை கிராம்தான். வேகம் 170, 175 மீட்டர். சக்தி எட்டு ஜூலைச் சுற்றி வரும். இரண்டுக்கும் நடுவே பதினேழு மடங்கு வித்தியாசம். .22-க்குப் பயனுள்ள தூரம் 25 கஜம், அதிகபட்ச தூரம் 1700 கஜம் என்று என்.சி.சி. வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற எண் அது. 1700 கஜம் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். வல்லத்து மேட்டுப் பகுதியை விட்டால் கிழக்கே கடல் வரை ஒரே சமதளம். தோட்டாவைத் தடுக்க ஒரு குன்று கிடையாது, பாறை கிடையாது. எந்தத் திசையில் சுட்டாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் ஒரு தெருவோ, களமோ, பள்ளிக்கூடமோ இருக்கும். வயல் காலியாக இருக்கிறதே என்றால், அந்த வயல் காலியாக இருக்கும் நாளே வருஷத்தில் குறைவு. நாற்றுப் பறிப்பார்கள், நடுவார்கள், களை எடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் வாத்துக்காரர் வருவார், ஆட்டுக்கிடை போடுவார்கள். தண்ணீர் கட்டிய வயலில் தாழ்வாகப் போய் விழும் தோட்டா உள்ளே புதையாது, தெறித்து மேலே எழும்பி வேறு திசையில் போகும். காய்ந்து இறுகிய களிமண்ணிலும் அப்படித்தான். ஆற்றங்கரை மேட்டைப் பின்தடுப்பாக வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கரைக்கு அந்தப் பக்கம் யாராவது எப்போதும் நடந்துகொண்டிருக்கும் ஊர் இது. கொல்லையில் தென்னந்தோப்பு இருக்கிறது, பத்து ஏக்கர் இருக்கிறது என்று சொன்னாலும் .22-க்கு அது இடமே அல்ல. பயிற்சிக்கென்று வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு தோப்பில் சுடுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பது தனி. சட்டமே இல்லாவிட்டாலும் செய்யக் கூடாத காரியம் அது.

ஆக .22 என்றால் முறையான ரேஞ்ச், அதாவது சுடும் தளம், வேண்டும். நமக்கு அது திருச்சி. தஞ்சாவூரில் இருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர், நாகப்பட்டினத்தில் இருந்து 140. நாகைக்காரர் சொந்தமாக ஒரு .22 வாங்கி வீட்டில் பூட்டி வைத்தால், மாதம் ஒரு முறை சுடுவதே பெரிய காரியமாகிவிடும். மாதம் ஒரு முறை சுட்டு யாருக்கும் குறி வராது. துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

சட்டத்தை இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், சக்தி 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து வாங்கலாம், கடைக்காரர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பில்லைப் பத்திரமாக வையுங்கள். .22 அளவுள்ள ஏர் ரைபிளும் விற்கிறார்கள். அது காற்றில்தான் இயங்குகிறது என்றாலும் உரிமம் வேண்டும். 10 மீட்டர் போட்டிக்கும் ஆகாது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

ரிம்ஃபயர் .22-க்கு உரிமம் கட்டாயம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டரும், ஆணையரகம் உள்ள மாநகரங்களில் போலீஸ் கமிஷனரும் கொடுக்கிறார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் விளையாட்டுக்காரருக்குச் சாதகமான ஒரு வரி இருக்கிறது: மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப் அல்லது சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர், குறி பழகுவதற்காக .22 ரைபிள் கேட்டால் உரிமம் தர வேண்டும் என்கிறது. போலீஸ் விசாரணையும் பயிற்சிச் சான்றும் அப்போதும் உண்டு. ஆனால் உறுப்பினர் அட்டை இல்லாமல், தற்காப்பு என்று எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் படி ஏறுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. சட்டமே முதலில் கிளப்புக்குப் போ என்றுதான் சொல்கிறது. 21 ஆகாத பிள்ளைகள் கிளப்பில், பயிற்சியின்போது மட்டும், மேற்பார்வையில் சுடலாம்.

இனி ஏர் ரைபிள். இதில்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பணமும் நேரமும் முதலில் இங்கேதான் போகப் போகிறது.

முதல் வகை ஸ்பிரிங். பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கி ஒரு பெல்லட் போட்டுச் சுடுவது. இந்தியாவிலேயே எஸ்.டி.பி., பிரெசிஹோல் போன்றவர்கள் செய்கிறார்கள். சில ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்து, நல்லதாகப் பார்த்து வாங்கினாலும் இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். காற்று நிரப்ப வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. பெல்லட் ஐந்நூறு கொண்ட டப்பாவாகக் கிடைக்கும்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் ஓடி மோதுவதால் துப்பாக்கி முதலில் பின்னும் பிறகு முன்னுமாக உதைக்கும். பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே இது நடந்துவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒரு இடத்திலும், தளர்வாகப் பிடித்தால் இன்னொரு இடத்திலும் அடிக்கும். இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். ஆரம்பக்காரருக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது என்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்கவும், சுட்ட பிறகு அப்படியே நின்று குறியைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அது கற்றுக்கொடுத்துவிடும். இந்தப் பழக்கம் வந்தவர் பின்னால் .22 எடுத்தால் முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது அதிகச் சக்தி உள்ளதைத் தேட வேண்டாம். கடையில் "சார், இது பலகையைத் துளைக்கும்" என்று காட்டுவார்கள். 10 மீட்டரில் அட்டையைத் துளைக்க எட்டு ஜூல் போதும். சக்தி கூடக் கூட மடக்குவது கஷ்டம், உதைப்பு அதிகம், நாற்பது ஐம்பது ஷாட் சுடுவதற்குள் தோள் சோர்ந்துவிடும். ட்ரிகர் மென்மையாக, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுகிறதா என்று பாருங்கள். பேரல் மூடும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. சைட்டை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருகித் திருத்த முடிய வேண்டும். டெலஸ்கோப் இலவசம் என்று சொல்லி விற்பதில் மயங்க வேண்டாம். ஸ்பிரிங்கின் இரட்டை உதைப்பில் மலிவான ஸ்கோப் சீக்கிரம் கெட்டுப்போகும். போட்டியிலும் ஸ்கோப் கிடையாது. இரும்பு சைட்டிலேயே பழகுங்கள்.

பெல்லட் தட்டைத் தலை உள்ளதாக இருக்கட்டும். கூர்முனை பெல்லட் அட்டையைக் கிழிக்கும், தட்டைத் தலை வட்டமாகத் துளையிடும், மதிப்பெண் எண்ண எளிது. துப்பாக்கியில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, நல்ல பெல்லட்டாக ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என் மாதிரி வாங்குவது புத்திசாலித்தனம். பெல்லட் இல்லாமல் வெறுமனே ஸ்பிரிங் துப்பாக்கியை இழுத்து விடக் கூடாது. காற்றுத் தடுப்பு இல்லாமல் பிஸ்டன் போய் மோதி உள்ளே சேதமாகும்.

இடம் என்று வரும்போது டெல்டாக்காரருக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய தெரு வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு ரேழியில் நின்றால் பின்கட்டுச் சுவர் வரை 10 மீட்டர் தாராளமாகக் கிடைக்கும். காற்றும் தொந்தரவு செய்யாது. நெல் குடோன், ஓடாத அரவை மில் கொட்டகை என்றால் இன்னும் வசதி. இந்த ஒரு காரணத்துக்காகவே ஏர் ரைபிள் நமக்குப் பொருத்தம்: கதவுக்கும் சுவருக்கும் நடுவில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

பெல்லட் போய் நிற்கும் இடம் அதை நிஜமாகவே நிறுத்துவதாக இருக்க வேண்டும். கனமான மரப்பெட்டிக்குள் சாய்வாக ஓர் இரும்புத் தகடு, கீழே மணல் அல்லது பழந்துணி, முன்பக்கம் அட்டை. தகடு நேராக நின்றால் பெல்லட் சுட்டவரையே நோக்கித் திரும்பும், அதனால்தான் சாய்வு. பெட்டிக்குப் பின்னால் செங்கல் சுவர். பக்கத்தில் இருந்து யாரும் நுழையும் கதவு இருந்தால் உள்ளே தாழ்ப்பாள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமாதானமே கூடாது, எட்டு ஜூல் பெல்லட்டும் கண்ணைப் பறித்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது.

ஒன்றைக் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் ஏர் கன் என்றாலே கொக்கு, மடையான், புறா சுடுகிற சாமான் என்று ஒரு நினைப்பு பரவிக் கிடக்கிறது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை என்று பறவைகளுக்கான சரணாலயங்கள் இருக்கிற மண் இது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நாற்றங்காலை மயில் மேய்கிறது என்ற வேதனை உண்மைதான், அதற்குத் துப்பாக்கி பதில் அல்ல. பறவை சுடுவதற்காக வாங்க நினைப்பவருக்கு இந்தக் கட்டுரையில் ஒன்றுமில்லை.

இரண்டாவது வகை பி.சி.பி. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பி வைத்துச் சுடுவது. உதைப்பு அறவே இல்லை என்று சொல்லலாம். 10 மீட்டர் போட்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் போட்டியின் பத்தாம் வட்டம் அரை மில்லிமீட்டர் புள்ளி. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கமும், 2012-ல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங்குக்கு வெண்கலமும் வந்தது இந்தப் புள்ளியில் அடித்துத்தான். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவன் பிறந்தது நமக்கு வடக்கே கடலூரில். வளர்ந்ததும் பழகியதும் குஜராத்தில் என்றாலும், சொல்லும்போது ஒரு பெருமிதம் வரத்தான் செய்கிறது.

பி.சி.பி.யில் ஆரம்ப நிலை ஹேமர்லி ஏ.ஆர்.20 போன்றது ஒரு லட்ச ரூபாயை ஒட்டி வரும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் என்று உயர்தரத்துக்குப் போனால் இரண்டு லட்சத்தைத் தாண்டிக்கொண்டே போகும். அதோடு கெட்டியான ஜாக்கெட், பேன்ட் என்று ஒரு தனிச் செலவு. ஆரம்பத்திலேயே இவ்வளவு போட வேண்டுமா? வேண்டாம். பையனோ பெண்ணோ ஆறேழு மாதம் ஸ்பிரிங்கில் சலிக்காமல் நின்றால், அப்போது போடலாம்.

காற்று எங்கே நிரப்புவது என்பதை வாங்குமுன் யோசியுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரெசர் எட்டு, பத்து பார்தான் தரும், அது இதற்கு உதவாது. கைப்பம்பு வாங்கிக்கொள்ளலாம். உடம்பை வருத்தும் வேலை, ஆனால் ஒரு முறை நிரப்பினால் நூறு ஷாட்டுக்கு மேல் வரும். நம் ஊர் ஈரக்காற்றில் பம்பு வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாக வாங்கி, நடுநடுவே நிறுத்திக் காற்றை வெளியே விட்டு அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கவனம்.

பழைய பி.சி.பி. வாங்குவது நல்ல வழி. கல்லூரி முடித்து விளையாட்டை விட்டவர்கள் நல்ல நிலையில் விற்கிறார்கள். அப்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் ஆண்டைப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பத்து ஆண்டு ஆயுள்தான் கொடுக்கிறார்கள், காலாவதியான சிலிண்டர் போட்டியில் செல்லாது. துப்பாக்கி மலிவாகக் கிடைத்து, புது சிலிண்டருக்கு அந்த மிச்சம் எல்லாம் போய்விடுவதும் நடக்கும்.

இப்போது .22-க்கு வருவோம். மன்னார்குடியில் இருக்கும் தங்கை மகன் கல்லூரி என்.சி.சி.யில் முதன்முதலாக .22 சுட்டுவிட்டு வந்து, "மாமா, எனக்கு இதுதான் வேணும், ஏர் ரைபிள் வேணாம்" என்றான். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. போல்ட்டைத் தள்ளி மூடும்போது கையில் தெரியும் இறுக்கம், மருந்து வாசனை, ஐம்பது மீட்டரில் போய்த் துளை விழுவது, இதெல்லாம் ஏர் ரைபிளில் கிடைக்காதுதான். அவனுக்கு நான் சொன்னது, "என்.சி.சி.யில் இருக்கிற வரைக்கும் உனக்கு .22 செலவில்லாமலே கிடைக்குதுடா, அங்கே நல்லா சுடு, ஃபயரிங் டீமுக்கு முயற்சி பண்ணு, வீட்டில் ஏர் ரைபிளில் தினம் பழகு." கல்லூரியில் படிப்பவர்களுக்கு .22-க்கு இதைவிட மலிவான வழி இந்த நாட்டில் இல்லை.

என்.சி.சி. இல்லாதவருக்குக் கிளப். கிளப்பின் துப்பாக்கியில் சுட்டு, சுட்ட ரவுண்டுக்குக் காசு கட்டுவதுதான் கணக்குப்படி மலிவு. துப்பாக்கிக்கு முதல் போட வேண்டாம், உரிமத்துக்கு அலைய வேண்டாம், இரும்புப் பெட்டி வேண்டாம். சேருவதற்கு முன் ஒரு முறை நேரில் போய், கிளப்பில் உறுப்பினருக்கு என்ன .22 இருக்கிறது, தோட்டா கையிருப்பு சீராக இருக்கிறதா, 50 மீட்டர் லேன் எந்த நாள் கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். உறுப்பினர் கட்டணம் எவ்வளவு என்பதைவிட இந்த மூன்றும் முக்கியம்.

50 மீட்டரில் பத்தாம் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் .22 இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப்போகும். ஆடி மாதத்தில் திருச்சிப் பக்கம் அடிக்கிற காற்றை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். காலையில் வெயில் ஏறும் முன் சுடுவது நல்லது. அதே சமயம் காற்றில் சுடக் கற்றுக்கொள்ளாமல் .22 முழுமையாகாது. 2024-ல் பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினார், அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு வந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலையிலும் சுடும் போட்டி அது. டெல்டாப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளிக் காற்று புதிதல்ல, இதில் நன்றாக வருவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

தோட்டாவில் வேகம் கூடியது நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அதிவேக .22 ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, போகிற வழியில் ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இடத்தில் தோட்டா கலங்கும். குறி பழகுவதற்கு ஆரம்பத்தில் இருந்தே ஒலியைவிட மெதுவாகப் போகும் சாதாரண வேகத் தோட்டாதான் சரி. எஸ்.கே., ஈலி, லபுவா என்று வெளிநாட்டுத் தோட்டாக்களை விளையாட்டுக்காரர்கள் சங்கங்கள் வழியாக வாங்குகிறார்கள். உள்நாட்டுத் தயாரிப்பு மலிவு, ஆனால் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் ஒரே மாதிரி அடிக்குமா என்று சுட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். வருஷத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பது உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சொந்த .22 வேண்டும் என்றால் மூன்று வழி இருக்கிறது.

புதிதாக வாங்க, மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரி செய்யும் போல்ட் ரைபிள் இருக்கிறது. 2021-ல் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது இஷாப்பூரும் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே கம்பெனிக்குள் வந்தன. அதனால் திருச்சியிலேயே இந்த .22 செய்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இஷாப்பூர் ரைபிள் உறுதியானது, உதிரி பாகம் கிடைக்கும், பேப்பர் வேலை நேரானது. போட்டிக்காக வடிவமைத்தது அல்ல. ட்ரிகர் கனமாக இருக்கும், 50 மீட்டருக்கான பீப் சைட்டை (சிறு துளை வழியே குறி பார்ப்பது) நாம் தனியாகப் பொருத்த வேண்டியிருக்கும். 25 மீட்டரில் பழக இது போதும்.

இரண்டாவது, பழைய பிர்னோ மாடல் 2. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்து, இறக்குமதி இருந்த காலத்தில் வந்தவை. இன்றைய செக் ரைபிளான சி.இசட். 457-இன் மூதாதை. நல்ல நிலையில் கிடைத்தால் இஷாப்பூரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், பேரலும் ட்ரிகரும் வேறு தரம். ஆனால் புது இறக்குமதி இல்லாததால் விலை அதன் வயதுக்குப் பொருந்தாமல் ஏறிக் கிடக்கிறது.

மூன்றாவது, போட்டித் துப்பாக்கியான அன்ஷூட்ஸ் அல்லது வால்தர். தகுதி பெற்ற வீரர் இறக்குமதி செய்யலாம், மற்றவர்கள் அவர்களிடம் இருந்து சட்டப்படி கைமாற்றி வாங்குவதுதான் வழி. அன்ஷூட்ஸில் 1903 என்ற மாடல் கொஞ்சம் எளிய 64 ஆக்‌ஷன் (போல்ட் இயங்கும் பகுதி) கொண்டது, 1907-உம் 1913-உம் 54 ஆக்‌ஷன். ஆரம்பத்தில் பழைய 1903 கிடைத்தால் விட வேண்டாம், மாநிலப் போட்டி வரை தாராளமாக அதோடு போகலாம். 1913-க்காகக் காத்திருந்து இரண்டு வருஷம் சுடாமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பழைய .22-ஐப் பார்க்கப் போகும்போது, துப்பாக்கி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். தோட்டா உட்காரும் சேம்பரின் விளிம்பில் சுத்தி அடித்த பள்ளம் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். ரிம்ஃபயரைத் தோட்டா இல்லாமல் திரும்பத் திரும்ப இழுத்தால் சுத்தி நேராகப் பேரலின் விளிம்பிலேயே போய் அடிக்கும். பள்ளம் விழுந்தால் தோட்டா சரியாக உட்காராது, சில சமயம் வெடிக்காது. பேரல் வாய் நுனியில் கீறல், உள்ளே துருப்புள்ளிகள், ஸ்டாக் மரம் முறுகிப் பேரலைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள். கடைசியாக, நீங்கள் வாங்கப் போகும் அதே தோட்டாவில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

நாகை, வேதாரண்யம், காரைக்கால் பக்கம் உப்புக்காற்று இரும்பை விடாது. ஸ்பிரிங், பி.சி.பி., .22 எதுவானாலும் வெளிப்பக்கம் மெல்ல எண்ணெய் துடைத்து வையுங்கள், வியர்வைக் கை பட்ட இடத்தை அன்றே துடையுங்கள். பஞ்சு வைத்த உறைக்குள் போட்டு மழைக்காலம் முழுக்க மூடி வைப்பதுதான் மிக மோசம். உறைக்குள்ளே ஈரம் தங்கிவிடும். பூட்டிய அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு நிறுத்தி வைப்பது நல்லது. .22 பேரலை அடிக்கடி கம்பி விட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. தேய்த்தால் பின்பக்கத்தில் இருந்து மட்டும்.

சொந்த .22 வைத்திருப்பவருக்கு இன்னொரு வேலை, தேர்தல். தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். விளையாட்டு வீரர் என்று விலக்கு கேட்க வேண்டுமானால் கிளப் கடிதத்தோடும் போட்டி அட்டவணையோடும் உடனே மனு கொடுக்க வேண்டும், கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒப்படைப்பதாக இருந்தால் போல்ட்டுக்கும் பேரலுக்கும் தடிமனாக எண்ணெய் பூசி, துப்பாக்கியின் எண், அதன் நிலை இரண்டும் குறித்த ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் வீட்டில் இருக்கும் ஏர் ரைபிளில் பயிற்சியைத் தொடரலாம்.